பூமயில் எழுதிக் கொடுத்தது

மே 7, செவ்வாய்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். படித்துத்தான் ஆக வேண்டும் என்றால் படித்துவிட்டு யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம், பயந்துவிடுவாள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். பத்தாம் வகுப்பில் நானூற்று முப்பத்தெட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். பதினொன்றில் என்னைச் சேர்ப்பார்களா மாட்டார்களா என்று இந்த வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை. இந்த நோட்டு வெளியே தெரிந்தால் உடனே சொல்லிவிடுவார்கள்.

பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அரிசி டிரம் இருக்கும் உள்ளறையில் ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

என் பெயர் யோகலெட்சுமி. யோகா என்பார்கள். ஊர் செங்காட்டேந்தல். அப்பா பெயர் அழகுமலை, ஆனால் ஊரில் பாதிப்பேருக்கு அவர் ‘எழுத்தண்ணே’தான். ஊர்த் தலைமையான காரியக்காரர் முன்னால் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவாவதை எழுதுகிற வேலை எங்கள் வீட்டுக்கு. அப்பாவுக்கு முன்னால் தாத்தா எழுதினார்.

இந்த வைகாசிப் பொங்கலுக்கு ஊர் வரலாற்று மலர் ஒன்று போடுகிறார்கள். கண்மாய் யார் வெட்டியது, கோயில் யார் கட்டியது, பள்ளிக்கூடம் எப்போது வந்தது எல்லாம் அதில் வரும். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பேனா பிடித்தால் அப்பாவுக்குக் கை நடுங்கும். என் கையெழுத்து அப்பாவின் கையெழுத்து மாதிரியே இருக்கும் என்பதால் ஊருக்கு அதில் ஒரு பெருமை.

இன்று எழுதிய பக்கத்தின் கடைசி வரி இது: ‘நம் ஊரிலிருந்து இன்றுவரை ஒரு வழக்குகூடக் காவல் நிலையப் படி ஏறியதில்லை.’ எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

ஏன் படி ஏறியதில்லை என்றால், எங்கள் ஊரில் தப்புச் செய்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘செய்தது தப்பு, இனிமேல் செய்யமாட்டேன்’ என்று எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, அந்தக் காகிதத்தைக் கருப்பர் காலடியில் வைத்து எடுப்பார்கள். அதோடு முடிந்தது. எழுதிக் கொடுக்காதவருடன் யாரும் பேச மாட்டார்கள். அவர் வீட்டுச் சாவுக்கும் யாரும் தோள் கொடுக்க மாட்டார்கள். கருப்பர் காலடியில் வைத்த காகிதத்தை எரிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. அதனால் எழுபது வருஷத்துக் காகிதம் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கிறது.

அப்பா இன்று சாவியை என் கையில் கொடுத்தார். “வருசவாரியா கட்டி, மேல ஒரு சீட்டு எழுதி வையி. உள்ள படிக்காத. தொண்ணூத்தி நாலு கட்ட மட்டும் நீ தொட வேணாம், நான் பாத்துக்கிறேன்” என்றார்.

நான் படித்தேன்.

மே 8, புதன்

பகலெல்லாம் கட்டுக் கட்டினேன். சிரிப்பாகவும் இருந்தது. ஒருவர் கண்மாயில் மாட்டைக் குளிப்பாட்டியதற்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒருவர் குடித்துவிட்டு ஊரைத் திட்டியதற்கு. மறுவருஷமும் அதே ஆள் அதே திட்டுக்கு. ‘இனிமேல் திட்டமாட்டேன்’ என்று இரண்டிலும் இருக்கிறது.

பெண்கள் எழுதிக் கொடுத்தவற்றில் சிரிப்பு வரவில்லை. புருஷன் அடித்தபோது திருப்பி அடித்தது தப்பு. கூட்டத்தில் ஆம்பளைகள் பேசும்போது எழுந்து பேசியது தப்பு. செருப்புப் போட்டு மேலத்தெருவில் நடந்தது தப்பு. இது கீழத்தெரு அம்மா ஒருவர். இப்போதும் இருக்கிறார். ரேஷன் கடையில் எனக்கு வரிசையில் இடம் பிடித்துத் தருவார்.

இத்தனை பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடித்தவன் ஒருவன்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

மே 9, வியாழன்

அம்மாவுக்கு முதுகுவலி. நான்தான் சமைத்தேன். தொண்ணூற்று நாலைத் தொடவில்லை.

மே 12, ஞாயிறு

தொட்டேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. அப்பாவின் அக்கா, பூமயில் அத்தை. இரட்டைச் சடை, ஒரு பக்கமாகத் திரும்பிய முகம். கீழே ‘தோற்றம் 3.5.1975, மறைவு 11.8.1994’ என்றிருக்கும். வயிற்றுவலியில் செத்துப்போனார் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அந்தத் தேதி எனக்குப் பாடம்.

தொண்ணூற்று நாலாம் வருஷக் கட்டில் மூன்றாவது காகிதத்தை எடுத்ததும் பயந்துவிட்டேன். என் கையெழுத்து. நான் எழுதாத கடிதம் என் கையெழுத்தில் இருக்கிறது. பிறகுதான் அது அப்பாவுடையது என்று புரிந்தது. அப்படியே எழுதுகிறேன்:

‘செங்காட்டேந்தல் ஊரார் சமூகத்துக்குப் பூமயில் எழுதிக் கொடுத்தது. நான் ஊர்க் கட்டுப்பாட்டை மீறி, கீழத்தெரு தவசியுடன் வெளியூர் போனது தப்பு. இனிமேல் ஊர்ச் சொல்லுக்குக் கட்டுப்படுவேன். இனிமேல் வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே சம்மதித்து எழுதிக் கொடுக்கிறேன். 12.8.1994.’

கீழே ஒரு கைநாட்டு. ‘பூமயில், இடது பெருவிரல்.’

முன்னறைக்குப் போய்ப் படத்தைப் பார்த்தேன். 11. திரும்பி வந்து காகிதத்தைப் பார்த்தேன். 12. மறுபடி போய்ப் பார்த்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “என்ன அங்கயும் இங்கயும் நடக்குற?” என்றார். “ஒண்ணுமில்லப்பா” என்றேன்.

அவர் ரசத்தைக் குடித்தார். சொட்டுச் சிந்தாமல்.

மே 13, திங்கள்

மத்தியானம் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள் அம்மா. பக்கத்தில் யாரும் இல்லை.

“அம்மா, பூமயில் அத்தைக்கு எழுதத் தெரியுமா?”

“பன்னண்டாவது படிச்சவளுக்கு எழுதத் தெரியாமலா? உங்கப்பாவுக்கே அவதான் எழுதப் பழக்குனாளாம். நீ எழுதுறது அவ எழுத்துன்னு உங்கப்பா சொல்வாரு.”

“அப்ப ஏன் கைநாட்டு வச்சாங்க?”

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். “எங்கடி பாத்த?”

நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

“எழுதிக் குடுக்காதவ பொணத்த ஊரு தூக்காதுல்ல. வாசல்லயே கெடந்துச்சாம். மழை வேற. காரியக்காரு வந்து, எழுதி வச்சாத்தான் ஆளு வரும்னுட்டாரு. உங்க தாத்தா எழுத மாட்டேன்னு கெழக்க பாத்து உக்காந்துட்டாரு. உங்கப்பாவுக்கு அப்பப் பதினேழு.” குரலை இறக்கினாள். “கலியாணமான புதுசுல ஒரு காய்ச்ச வந்துச்சு அவருக்கு. ‘அக்கா கை சில்லுன்னு இருக்கு, அக்கா கை சில்லுன்னு இருக்கு’ன்னு விடிய விடிய உளறுனாரு. அதுலதான் எனக்கே தெரியும்.”

“அத்தை எப்படிம்மா செத்தாங்க?”

“வயித்துவலி.”

“அம்மா.”

“வயித்துவலின்னு சொன்னேன்ல? மூணு நாளு உள்ள போட்டுப் பூட்டுனா எந்தப் பொம்பளைக்கும் வயித்துவலிதான் வரும். வாளிய எடு.”

அந்தப் பெருவிரலை மையில் அழுத்தியது யார் கை என்று நான் எழுத மாட்டேன். அந்தக் கை இன்று காலை என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டது. நான் போய்த் தலை குளித்துவிட்டு வந்தேன்.

தேதியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு நாள் முன்னால் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் ஊர் எழுத்தில் தேதியைப் பொய்யாக எழுதக் கூடாது. அது கருப்பருக்கு ஆகாது. அப்பா அதை எனக்கே பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். செத்தவளிடம் ‘நானே சம்மதித்து’ என்று கைநாட்டு வாங்கலாம். தேதியில் பொய் சொல்லக் கூடாது. இதுதான் இவர்கள் நியாயம்.

தவசி எழுதிக் கொடுத்த காகிதம் எதுவும் அந்தக் கட்டில் இல்லை. கீழத்தெருக் கடைசியில் கூரை இல்லாமல் நாலு சுவர் நிற்கிறதே, அது யார் வீடு என்று இத்தனை வருஷமாக நான் கேட்டதில்லை.

மே 15, புதன்

கோயிலில் அவசரக் கூட்டம். ஊர்களில் உள்ள பழைய காகிதங்களைப் படமெடுத்து வைக்க ஒரு கல்லூரியிலிருந்து வருகிறார்களாம். டீத்தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

காரியக்காரர் செல்லையாதான் ஊருக்குத் தலைமை. எழுபது வயசு இருக்கும். “அழகு, பெட்டியில உள்ளது எதுவும் அவுக கண்ணுல படக் கூடாது” என்றார்.

“எரிச்சுப்புடலாமே” என்றார் ஒருவர்.

“வாயக் கழுவுடா. கருப்பரு கால்ல வச்சது.”

“அப்ப ஆத்துல விடலாம்.”

“ஆத்துல தண்ணி எங்கடா இருக்கு? மணல்ல விட்டா நாளைக்கு உன் பேரன் எடுத்து வாசிப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் காரியக்காரரே வழி சொன்னார். கோயில் பின்னால் இருக்கும் சாமான் அறையில் மண்தரை. ஒரு மூலையில் கறையான் புற்று வைத்திருக்கிறது. காகிதத்தை அங்கே கொட்டி, தண்ணீர் தெளித்துவிட்டால் போதும். “நம்ம எரிக்கல, கிழிக்கல. கறையான் திங்கிறது சாமி திங்கிற மாதிரி. யாருக்கும் பாவமில்ல.”

அப்பாவைப் பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தார். இந்தத் தீர்மானத்தையும் எழுதினார்.

சாயங்காலம் அவர் சாக்கில் கட்டுகளை அடுக்குவதற்கு முன்னால், அத்தையின் காகிதத்தை உருவி என் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, காரியக்காரரிடம் எண்ணிக் கொடுக்க வேண்டுமாம். அப்பா வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். கட்டுகளின் மேல் இருந்த சீட்டுகளின் கணக்குப்படி மொத்தம் நானூற்றுப் பதினொன்று. ஒன்று என் இடுப்பில் இருந்தது.

“நானூத்திப் பதினொண்ணு. சரியா இருக்கு” என்றார் அப்பா.

அவருக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை. நல்லவேளை.

மே 18, சனி

கல்லூரியிலிருந்து வந்தார்கள். பேராசிரியர் பெயர் ரெஜினா. கேமராவும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் வீட்டில்தான் மோர்.

“ஊர்க்கூட்டத்துல எழுதி வாங்குற வழக்கம் இங்க உண்டுன்னு பக்கத்து ஊர்ல சொன்னாங்க ஐயா. படம் மட்டும் எடுத்துக்கிறோம். உங்க காகிதம் உங்ககிட்டயே இருக்கும்.”

“அதெல்லாம் கறையான் தின்னுருச்சு மேடம்” என்றார் காரியக்காரர். “நாங்க பட்டிக்காட்டு ஆளுக. சோறு திங்கவே நேரமில்ல, காயிதத்த எவன் காப்பாத்துறது?”

காலிப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே இரண்டு திருவிழா நோட்டீஸ். அந்த அம்மா அதையும் மரியாதையாகப் படமெடுத்தார். கறையான் அந்த நேரம் தின்ன ஆரம்பித்துக்கூட இருக்காது. மூன்றே நாள்தான் ஆகியிருந்தது.

நான் மோர் டம்ளரோடு நின்றேன். ஒரு வார்த்தை போதும். அந்த அம்மா என்னைப் பார்த்து, “நீ என்னம்மா படிக்கிற?” என்றுகூடக் கேட்டார். “பத்து முடிச்சிருக்கேன் மேடம்” என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. பயந்தாங்கொள்ளி. பயந்தாங்கொள்ளி. பயந்தாங்கொள்ளி.

மலர் வந்ததும் ஒன்று அனுப்பச் சொல்லி விலாச அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மே 20, திங்கள்

நேற்று முழுக்கத் தூங்கவில்லை. இன்று ஒன்று செய்தேன்.

அச்சகத்துக்கு அனுப்பும் படங்கள் ஒரு பழுப்பு உறையில் இருக்கின்றன. கண்மாய், கோயில், காரியக்காரர் மாலையோடு, காரியக்காரர் மாலை இல்லாமல். ஒவ்வொன்றின் பின்னாலும் பக்க எண்ணும் விவரமும் எழுதுவது என் வேலை. நானூறு காகிதத்தைக் கறையான் தின்கிறது. ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை உறைக்குள் வைத்தேன். இருபத்தேழாம் பக்கத்தின் கடைசி வரியை, அந்தக் காவல் நிலைய வரியை, அடித்துவிட்டுப் புதிதாக ஒரு பக்கம் படி எடுத்தேன். அந்த வரி இருந்த இடத்தில் இப்படி எழுதினேன்:

‘ஊர்க் கட்டுப்பாட்டுக்கு எழுதிக் கொடுத்தவர்: பூமயில். மறைந்த நாள் 11.8.1994. எழுதிக் கொடுத்த நாள் 12.8.1994.’

அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை. இவர்களுக்குப் பிடித்த மாதிரியே, தேதி சரியாக.

மே 22, புதன்

அப்பாவும் நானும் டவுனுக்குப் போனோம். திருத்தம் பார்ப்பதும் என் வேலைதான். அச்சகத்து அண்ணன் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாகக் காட்டினார். அப்பா எதிர்க் கடையில் டீ குடிக்கப் போய்விட்டார்.

இருபத்தேழாம் பக்கம் வந்தது. கைநாட்டு அவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று நினைக்கவில்லை. ரேகைகூடத் தெரிந்தது.

“பாப்பா, இங்க தேதி மாறிக் கெடக்கு பாரு. செத்த பெறகா எழுதிக் குடுப்பாக?”

“அதான்ணே சரியான தேதி.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடிதத்தை மறுபடி வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி” என்றார். அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அப்பா வந்து, அச்சிடலாம் என்று கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கையில் வாங்கினார். ஒரு வரிகூட விடாமல் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற மனுஷன். இன்று ஒரு பக்கத்தையும் திறக்கவில்லை.

“எல்லாம் பாத்துட்டியா?”

“பாத்துட்டேன்.”

“தேதியெல்லாம் சரியா இருக்கா?”

“இருக்குப்பா.”

கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியதால் ரொம்ப நேரம் ஆனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். எனக்கு அவரிடம் பேச எதுவும் இல்லை.

மே 28, செவ்வாய்

பொங்கல். ஐந்நூறு பிரதி. மஞ்சள் பையில் தேங்காய், சுண்டல், மலர். எல்லோரும் அவரவர் வீட்டுப் படம் வந்திருக்கிறதா என்று புரட்டிவிட்டுச் சுண்டலைத் தின்றார்கள். காரியக்காரர் தன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒருவரும் வாசிக்கவில்லை.

வெளியூரில் இருப்பவர்களுக்கு எழுபது பிரதி தபாலில் போக வேண்டும். விலாசம் எழுதுவது யார்? நான்தான். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர். காலையிலேயே அப்பா மூட்டையைத் தபால் ஆபீஸில் போட்டுவிட்டு வந்தார். ரெஜினா மேடம் பிரதியின் உள்ளே இருபத்தேழாம் பக்கத்தில், படங்களோடு அச்சகத்திலிருந்து திரும்பிவந்த அசல் காகிதம் இருக்கிறது.

மே 31, வெள்ளி

நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் செவ்வந்தி அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு மலரைச் சத்தமாக வாசித்ததாம். பொழுது போகவில்லை என்று. இருபத்தேழாம் பக்கத்தில் நிறுத்திவிட்டதாம். பிறகு எல்லோரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் அந்த அக்கா எங்கள் வாசலுக்கு வந்தது. “ஏத்தா, பூமயிலு என்கூடப் படிச்ச புள்ளடி. அது பேனா புடிச்சா பாத்துக்கிட்டே இருக்கலாம். அது கைநாட்டா வச்சுச்சு?”

அம்மா வெளியே வந்தாள். இரண்டு பேரும் நின்றுகொண்டே அழுதார்கள். இருபத்தைந்து வருஷத்தில் எங்கள் வாசலில் பூமயிலுக்காக ஒருவர் சத்தமாக அழுது தெருவில் எல்லோரும் இன்றுதான் பார்க்கிறார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. கையை இறுக்கி மூடியிருந்தேன்.

ஜூன் 1, சனி

அச்சுப் பிழையாம். மலரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தண்டோரா. காரியக்காரரின் ஆட்கள் வீடு வீடாகப் போகிறார்கள். ஆம்பளைகள் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெண்களிடம் கேட்டால், “எங்க வீட்ல கறையான் தின்னுருச்சப்பா” என்கிறார்களாம். மேலத்தெருவில் நாலு வீட்டில் இதே பதில். கீழத்தெருவில் ஒரு பிரதிகூடத் திரும்பவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். யூனிபார்ம் மடித்து வைத்திருக்கிறேன். யார் வாங்கி வந்தார்கள் என்று அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பேனாவும் சேர்த்து வைத்திருந்தது.

சாயங்காலம் அப்பாவைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். இன்னும் வரவில்லை. செவ்வந்தி அக்கா மகள் ஓடிவந்து சொன்னாள். நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஊர் மலரில் பொய் எழுதியது தப்பு, இனிமேல் எழுதமாட்டேன் என்று. நான் எழுதாவிட்டால் எங்கள் வீட்டுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா எழுதி எடுத்துவந்து என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம்.

“உங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா?” என்றாள் அவள். “பேனாவ கீழ வச்சுட்டாரு. ‘எனக்குக் கை வராது’ன்னாரு. காரியக்காரு அடிக்கக் கை ஓங்கிட்டாரு.”

நான் இதை எப்படி எழுதுவது? அவரை நான் மன்னிக்கவில்லை. இதைப் படிக்கிற நீங்களும் மன்னிக்க வேண்டாம். ஆனால் நானூற்றுப் பத்தை அவர் ஏன் நானூற்றுப் பதினொன்று என்று எண்ணினார் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றாக எண்ணுகிற மனுஷனுக்கு

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். தெருவில் டார்ச் வெளிச்சம். நிறையப் பேர். நான் டிரம்முக்குப் பின்னால் இருக்கிறேன். தடவித் தடவி எழுதுகிறேன், வரி கோணலாக இருக்கும். எனக்கு எழுதத் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியும். அவர்கள் கேட்பதை எழுத மாட்டேன். என் விரலைப் பிடித்தால் கடிப்பேன்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் யோகா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் வருவார். யாரும் கூப்பி